அசையாத எண்ணும் கோமதிநாயகத்தின் காரும்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக நடந்த அறிமுக நிகழ்ச்சிக்கு, முழங்கால் வலி என்று சொல்லி நான் வராமல் இருந்துவிட்டேன். முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது. மேடையில் என் பக்கத்து நாற்காலி கோமதிநாயகத்துக்கு என்று கேள்விப்பட்டேன்; அதனால் வரவில்லை. அவன் பேசி முடித்ததும் நீங்கள் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டியிருப்பீர்கள். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற பக்குவம் எனக்கு இன்னும் வரவில்லை. பேச்சுக்குப் பதிலாக எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டதற்குக் காரணம் அதுதான். எழுதும்போது பக்கத்தில் யாரும் இருக்க வேண்டியதில்லை.

கோமதிநாயகம் யார் என்று உங்களுக்குத் தெரியும். சோதனைப் பிரிவின் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர், அருமையாகப் பேசுவார், யாரையும் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. எல்லாம் உண்மை. அவனுக்கு முன்பே அந்தப் பிரிவில் நான் இருந்தேன் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. அவனுக்கு இலத்தூர், எனக்குத் தென்காசி. அவன் வேலைக்கு வந்தபோது திரையில் ஓடும் அளவுகளை எப்படிப் படிப்பது என்று உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தவன் நான். அதை அவன் போகிற இடத்திலெல்லாம் சொல்கிறான். அதுவும் எனக்குப் பிடிப்பதில்லை.

ராக்கெட் என்ஜினைத் தரையில் இறுக்கிக் கட்டிவைத்து எரித்துப் பார்க்கிற வேலை நம்முடையது. ஏவுகிறவர்கள் கடற்கரையில் இருக்கிறார்கள். தொலைக்காட்சியில் கைகுலுக்குகிறவர்களும் அவர்கள்தான். நம் என்ஜின் மலையடிவாரத்தில் நின்ற இடத்தில் நின்று எரியும், அணையும், நாம் கேன்டீனுக்குப் போய் இட்லி சாப்பிடுவோம். தென்காசி பஜாரில் என்னிடம் "சார் ராக்கெட் விடுதீங்களாமே" என்று கேட்கிறவர்களிடம், விடுவதில்லை, விடாமல் பிடித்து வைத்திருக்கிறோம் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஒருவரும் சிரித்ததில்லை.

பொதுவாக எனக்குச் சில அபிப்பிராயங்கள் உண்டு. ராக்கெட் என்ஜினைவிடக் கார் என்ஜின்தான் பெரிய சாதனை. நம் என்ஜின் சில நிமிடம் வாழ்ந்தால் போதும், அதற்கு முன்னும் பின்னும் அதைப் பச்சைக் குழந்தையைப்போலப் பார்த்துக்கொள்ள ஓர் ஊரே இருக்கிறது. கார் என்ஜினை யார் கவனிக்கிறார்கள்? ஆயில் மாற்றாமல், கலப்பட பெட்ரோல் ஊற்றி, செங்கோட்டை ரோட்டுப் பள்ளத்தில் இறக்கி ஏற்றி, மறுநாள் காலையில் சாவியைத் திருப்பினால் அது ஓடத்தான் வேண்டும். விண்வெளிக்கு ஆள் அனுப்புவதைப் பற்றிக் கேட்டால், கட்டாயம் அனுப்ப வேண்டும் என்பேன். ஆனால் போய்வந்தவருக்கு மாலை போடும்போது, அவர் உட்கார்ந்து போன ராக்கெட்டின் என்ஜினை எரித்துப் பார்த்தவனுக்கு ஒரு சீப்பு பழமாவது தரலாம். இப்போது சில நாடுகளில் மேலே போன ராக்கெட், சாயங்காலம் மாடு தொழுவத்துக்குத் திரும்புவதுபோலத் திரும்பிவந்து நிற்கிறது. அதைக் கைபேசியில் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதைச் செய்த பிள்ளைகளுக்கு உங்கள் வயதுதான் இருக்கும். நாங்கள் இருந்த காலத்தில் இது நடந்திருக்கக் கூடாதா என்று வயிறு எரிந்தது. இப்படிப்பட்ட ஆள்தான் உங்களுக்கு எழுதுகிறேன் என்பதைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

பழைய சோதனை இயக்குநர் ஓய்வு பெற்றபோது அடுத்தது நான்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் எல்லோரையும்விட அதிகமாக நினைத்தேன். வீட்டில் செண்பகம் சட்டைகூட எடுத்து வைத்துவிட்டாள். ஆனால் எங்கள் எல்லோருக்கும் மேலதிகாரியாக இருந்த பெரியவர் கோமதிநாயகத்தின் பெயரைச் சொன்னார். அந்தப் பெரியவரை நான் பெயர் சொல்லி எழுதப்போவதில்லை, எங்கள் தலைமுறைக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் அவர். நேராகப் போய்க் கேட்டேன். "உமக்கு வேலை தெரியும்வே. ஆனா கோபம் வரும். அவனுக்கு வராது. அந்த நாற்காலிக்குக் கோபம் ஆகாது" என்றார். அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. அதோடு பேச்சு முடிந்தது.

அதன்பிறகு கேன்டீனில் நான் வாயை அடக்கவில்லை. இவன் கையில் சோதனை உருப்படுமா பார்ப்போம் என்று, கேட்கிற எல்லோர் காதிலும் போட்டேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்தது உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக. நான் பொறாமைக்காரன் என்பது அந்த அலுவலகத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறவர் வரைக்கும் தெரியும்.

நம் கட்டுப்பாட்டு அறையில் ஒரு வழக்கம் உண்டு. அந்தப் பெரியவர் கொண்டுவந்தது. கவுண்ட்டவுன் ஓடும்போது திரைக்கு முன் உட்கார்ந்திருக்கும் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் "ஹோல்ட்" என்று சொல்லலாம். ஏன் என்று அந்த நேரத்தில் யாரும் கேட்கக் கூடாது. இயக்குநர் உடனே நிறுத்த வேண்டும், எல்லாவற்றையும் பத்திரமான நிலைக்குக் கொண்டுவர வேண்டும், காரணத்தைப் பிறகுதான் கேட்க வேண்டும். கேட்பதற்கு நன்றாக இருக்கும். ஆனால் ஒரு தடவை நிறுத்தினால் மாதக்கணக்கான ஏற்பாடு வீணாகும். அதனால் அந்தச் சொல் தொண்டை வரை வந்து திரும்பிப் போன ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கோமதிநாயகம் இயக்குநரான பிறகு வந்த முதல் பெரிய சோதனை. புதிய என்ஜின், பல பேருடைய பல வருட உழைப்பு. டெல்லியிலிருந்து விருந்தினர்கள் வந்து கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். சோதனை மேடையில் ஆட்கள் இல்லை, ஆகையால் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் என்ஜின் போனால் அதோடு மேடையும் போகும். அந்தத் திட்டத்தை மூடிவிடலாம் என்று காத்துக்கொண்டிருந்தவர்களும் அந்த விருந்தினர்களில் இருந்தார்கள்.

எனக்குக் கொடுத்திருந்த திரையில் ஹீலியம் அழுத்தம் ஓடியது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என்ஜினுக்குள் ஆக்ஸிஜனைத் தள்ளுகிற பம்பு ஒன்று உண்டு. அதற்குள் ஒரு பக்கம் திரவ ஆக்ஸிஜன், மறுபக்கம் ஹைட்ரஜன் வாயு. இரண்டும் பம்புக்குள்ளே சந்திக்கக் கூடாது. சந்தித்தால் வெடிக்கும். நடுவில் ஹீலியம் காவல் நிற்கிறது. அந்தக் காவல் நிற்கிறதா என்று பார்ப்பது என் வேலை.

எரிப்பதற்கு முந்தின கட்டமாக என்ஜினைக் குளிர்விக்கத் தொடங்கினார்கள். எண்கள் ஒவ்வொன்றாக அசைந்தன. ஆக்ஸிஜன் நடுங்கியது, ஹைட்ரஜன் நடுங்கியது, வெப்பநிலைகள் இறங்கி ஏறி இறங்கின. என் ஹீலியம் எண் சரியான எல்லைக்குள் வந்து நின்றது. நின்றேவிட்டது. கடைசி இலக்கம்கூட மாறவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்தவன் அதைப் பார்த்து, "உங்க நம்பர் சொன்ன பேச்சு கேக்குது அண்ணாச்சி" என்றான்.

எனக்கு அது பிடிக்கவில்லை. அத்தனை குழாய்களும் அதிர்கிற இடத்தில் ஓர் அழுத்தம் மட்டும் கல்லுப்பிள்ளையாராக உட்கார்ந்திருக்காது. சென்சாருக்குப் போகும் மெல்லிய குழாய் எங்காவது அடைத்திருந்தால், அடைத்த நேரத்து அழுத்தத்தை அது காட்டிக்கொண்டே இருக்கும். உள்ளே உண்மையான அழுத்தம் கூடலாம், குறையலாம், நமக்குத் தெரியாது. ஆனால் விதிப்படி அந்த எண் எல்லைக்குள் இருந்தது. எல்லைக்குள் இருக்கிற எண்ணுக்கு யாரும் அதுவரை ஹோல்ட் சொன்னதில்லை.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். என் சந்தேகம் நியாயமானதா, பொறாமையா என்று எனக்கே தெரியவில்லை. கோமதிநாயகத்தின் முதல் சோதனை, டெல்லிக்காரர்கள் முன்னால் நின்றுபோக வேண்டும் என்று என் மனசு ஆசைப்பட்டுத்தான் அந்த எண்ணில் குற்றம் கண்டுபிடிக்கிறதோ? நிறுத்திவிட்டு ஒன்றும் இல்லையென்றால் அத்தனை பேரும் அதைத்தான் சொல்வார்கள். இன்னொரு நினைப்பும் வந்தது. பேசாமல் இருந்துவிடலாம். வெடித்தால் அவன் பெயரில்தானே வெடிக்கும்? என் எண் எல்லைக்குள் இருந்தது, என்னை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. அந்த நினைப்பு எவ்வளவு சுகமாக இருந்தது என்று உங்களிடம் மறைக்க மாட்டேன்.

அப்போது ஒன்று செய்தேன். மனசுக்குள் கோமதிநாயகத்தை அந்த நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு நானே போய் உட்கார்ந்தேன். எனக்கு அது வழக்கமான கற்பனைதான், கஷ்டமே இல்லை. உட்கார்ந்து, என் சோதனையில், என் விருந்தினர்கள் முன்னால், இந்த எண்ணைப் பார்த்தால் பொத்தானை அழுத்துவேனா என்று கேட்டுக்கொண்டேன். மாட்டேன் என்று தோன்றியது.

"ஹோல்ட்" என்றேன்.

அறை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. சிலர் முகத்தில், செய்துவிட்டாரே என்ற எழுத்து அப்படியே தெரிந்தது. கோமதிநாயகம் மட்டும் திரும்பவில்லை. நான் சொல்லி முடிப்பதற்குள் அவன் குரல் ஒலிபெருக்கியில் வந்துவிட்டது. "ஹோல்ட். ஹோல்ட். எல்லா வால்வும் மூடுங்க." அவன் என் பக்கம் பார்க்கவும் இல்லை, யார் சொன்னது என்று கேட்கவும் இல்லை.

எரிபொருளை வடித்து, என்ஜினைச் சூடாக்கி, மேடைக்கு ஆட்கள் போய்ப் பார்ப்பதற்குள் விருந்தினர்களின் விமான நேரம் வந்துவிட்டது. குழாயில் ஓர் அடைப்பும் இல்லை. சென்சார் நன்றாக வேலை செய்தது. தட்டினால் எண் ஆடியது. நான் அந்தக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்க்க உங்களுக்குப் பாவமாக இருந்திருக்கும். கேன்டீனில் என் காதுபடவே ஒருவன் சொன்னான், "அண்ணாச்சி வேலையைக் காட்டிட்டாருல்லா."

விருந்தினர்களில் மூத்த அதிகாரி வாசலில் நின்று, எல்லா எண்களும் சரியாக இருக்கும்போது நிறுத்தியது யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் ஓர் அடி முன்னால் வைத்தேன். அதற்குள் கோமதிநாயகம், "நான்தான் சார், எனக்குத் திருப்தி இல்லை" என்றான். அவர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் காரில் ஏறினார். அந்த வருஷம் அவனுக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அவன் என்மேல் பழி போட்டிருந்தால் நான் அவனை நிம்மதியாக வெறுத்திருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டான்.

காரணத்தை இரண்டு பேரும் சேர்ந்துதான் கண்டுபிடித்தோம். சோதனைக்கு முந்தின நாள் அந்தச் சென்சாரைக் கழற்றி வேறு மாட்டினார்கள். மேடை திறந்த வெளி. மழை நேரத்தில் குழாயைத் திறந்தால், மாட்டிய பிறகு உலர்ந்த நைட்ரஜனை வெகுநேரம் ஊதி ஈரத்தை விரட்ட வேண்டும் என்பது விதி. மாட்டிய அன்று கோமதிநாயகம் மேடைக்குப் போன் போட்டு விசாரித்தபோது நான் அவன் பக்கத்தில்தான் இருந்தேன்.

"அங்கன மழை பெய்யுதா?"

மேடையில் இருந்தவர் செங்கோட்டைக்காரர். "மழையெல்லாம் இல்ல சார். சாரல்தான் போடுது."

"அப்ப சரி" என்று போனை வைத்தான். நைட்ரஜனை ஊதச் சொல்லவில்லை. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நம் ஊரில் சாரலை எவன் மழையில் சேர்ப்பான்? சாரல் விழுந்தால் நமக்குக் குற்றாலத்தில் தண்ணீர் வரும் என்ற சந்தோஷம்தான் தோன்றும். குடையை எடுக்கமாட்டோம், காயப்போட்ட துணியை எடுக்கமாட்டோம். வேறு ஊர்க்காரன் யாராவது அந்தப் போனை எடுத்திருந்தால், மேலே தண்ணீர் விழுகிறதா இல்லையா என்று கேட்டிருப்பான். அந்தச் சாரலின் ஈரம் குழாய்க்குள் போயிருக்கிறது. பம்பு குளிர்ந்ததும் அது பனிக்கட்டியாகி அடைத்திருக்கிறது. நாங்கள் சூடாக்கிப் பார்க்கப் போனபோது உருகிப் போய்விட்டது.

அடுத்த தடவை குழாயை நன்றாக உலர்த்திவிட்டு, அதே கட்டம் வரை குளிர்வித்தோம். என் ஹீலியம் எண் மற்ற எண்களோடு சேர்ந்து நடுங்கியது. அதை நான் கண் கொட்டாமல் பார்த்தேன். ஏனென்றால் அது நடுங்காமல் போயிருந்தால் முந்தின ஹோல்ட் என் பொறாமை என்று நானே முடிவு செய்திருப்பேன். என்ஜின் எரிந்தது, அழகாக எரிந்தது. மறுநாள் பத்திரிகையில் கோமதிநாயகத்தின் படம் வந்தது. துணிந்து நிறுத்திய இயக்குநர் என்று எழுதியிருந்தார்கள். பேட்டியில் அவன், "எங்கள் மூத்த பொறியாளர் ஒருவர் சுட்டிக்காட்டினார், அவர் சொல்லியிருக்காவிட்டால் எல்லாம் போயிருக்கும்" என்று சொல்லியிருக்கிறான். அதைப் பத்திரிகையில் பெயரில்லாமல் போட்டார்கள். ஒருவர்! அந்தப் பக்கத்தை நான் வைத்துக்கொள்ளவில்லை. செண்பகம் வைத்திருக்கிறாள்.

இப்போது இரண்டு பேருக்கும் வேலை இல்லை. இந்தச் சீசனில் அவன் புதிதாக வாங்கிய மின்சாரக் காரில் எங்களையும் குற்றாலத்துக்குக் கூப்பிட்டான். நான் வரவில்லை என்றேன். "அவுக எவ்ளோ ஆசையா கூப்பிடுதாக! உங்க டப்பா வண்டியில போனா இலஞ்சி தாண்டுததுக்குள்ள எனக்கு இடுப்பு போயிரும்" என்று செண்பகம் கிளம்பிவிட்டாள். வேறு வழியில்லாமல் ஏறினேன். காரைப் பற்றி நான் ஒன்றுமே சொல்லப்போவதில்லை என்று உறுதியாக இருந்தேன். ஆனால் நல்ல கார். சத்தமில்லை, அதிர்வில்லை, மேட்டில் முக்கவில்லை. அதிராத எதையும் நம்பக்கூடாது என்று வாழ்ந்தவனுக்கு அதில் உட்காரவே ஒரு மாதிரியாக இருந்தது. குறை கண்டுபிடிக்க எவ்வளவோ முயன்றேன். கதவைச் சாத்துகிற சத்தம் மட்டும் கொஞ்சம் மட்டம்.

ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்தோம். ஈரத்துண்டோடு நான் காருக்கு வெளியே தயங்கி நின்றேன். என் வண்டியென்றால் ஈரத்தோடு யாரையும் ஏறவிடமாட்டேன். "ஏறுங்க அண்ணாச்சி. சீட்டு என்ன, கரைஞ்சா போயிரும்?" என்றான். மனைவிமார் இருவரும் மங்குஸ்தான் வாங்கப் போயிருந்தார்கள். கண்ணாடியில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. வருஷக்கணக்காகக் கேட்காததை அங்கே கேட்டுவிட்டேன்.

"ஏடே, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நான் ஹோல்ட் சொன்னதும் திரும்பிக்கூடப் பாக்காம நிறுத்துனியே. நான் உன் டெஸ்ட்டக் கெடுக்கத்தான் சொல்லுதேன்னு உனக்குத் தோணலியா?"

அவன் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்தான். "உங்களுக்கு என்னப் பிடிக்காதுன்னு ஆபீஸுக்கே தெரியும். எனக்குத் தெரியாதா அண்ணாச்சி?"

"பெறகு எப்படி நம்புனே?"

"அந்த ரூம்ல இருந்த மத்த எல்லாரும் எனக்கு வேண்டியவன். டெஸ்ட் நல்லா நடக்கணும்னு சாமி கும்பிட்டுட்டு வந்து உக்காந்திருக்கான். அவன் கண்ணுக்கு நல்ல நம்பர் நல்ல நம்பராத்தான் தெரியும். நீங்க ஒரு ஆள்தான் எங்கன தப்பு வருதுன்னு பாத்துக்கிட்டே இருப்பீய. அதான் ஹீலியம் திரையில உங்களத்தான் போடணும்னு பெரியவர்ட்ட நான் கேட்டு வாங்குனேன். வேற எவனையும் அங்கன உக்கார வைக்க எனக்குத் தைரியமில்ல."

அதற்குள் பெண்கள் பழத்தோடு வந்துவிட்டார்கள். அவன் கதவைத் திறந்துவிட்டு, ஈரக்கையால் எனக்கு ஒரு பழத்தை உடைத்துக் கொடுத்தான். வாங்கித் தின்றேன். தென்காசி வந்து சேரும்வரை நான் வாயே திறக்கவில்லை என்று செண்பகம் இன்றுவரை குறை சொல்கிறாள்.

உங்களில் யாரோ ஒருவர் ஒருநாள் அந்த நாற்காலியில் உட்காருவீர்கள். உங்களைக் கண்டாலே ஆகாதவன் எவன் என்று தேடிக் கண்டுபிடியுங்கள். அவனுக்கு வேலை தெரியுமென்றால், எந்தத் திரை பொய் சொன்னால் எல்லாம் போய்விடுமோ அந்தத் திரைக்கு முன்னால் அவனை உட்கார வையுங்கள். அவன் ஹோல்ட் என்றால் திரும்பிப் பார்க்காமல் நிறுத்துங்கள்.

இந்த யோசனை என்னுடையது இல்லை. அவனுடையது. தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல் பொறாமைப்பட்டது நான். அதை எங்கே வைத்தால் வேலைக்கு ஆகும் என்று கண்டுபிடித்தது அவன். எனக்கு இது அப்போதே தோன்றியிருந்தால் பெரியவர் என் பெயரைச் சொல்லியிருப்பார்.